எதிர்பார்க்கும் சம்பளம்

ஜூன் 2
சோழிங்கநல்லூர் நிறுவனத்துக்கான வேலை விண்ணப்பப் படிவத்தில் ‘எதிர்பார்க்கும் மாதச் சம்பளம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

ஜூன் 3
தண்டையார்பேட்டையில் இப்போது ஆகும் செலவை எழுதிப் பார்த்தேன். வாடகை 9,000, ஆவின் பால் 1,200, தண்ணீர் கேன் 420. அரசு, வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாகத் தருகிறது. வீட்டுக்கார அம்மாவோ சப் மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வாங்குகிறார். நைனாவின் மாத்திரையும் ரேஷன் அரிசியும் இலவசமாகக் கிடைப்பதால் அவை கணக்கில் வரவில்லை. ஆனால் அவற்றுக்காக அம்மா வரிசையில் நிற்கும் நாட்களை எந்த வரியில் எழுதுவது? மொத்தம் 24,000 வந்தது. இது வசதியின் கணக்கு அல்ல, சமாளிப்பின் கணக்கு.

ஜூன் 4
விடியற்காலை நான்கரைக்கு அடி பம்பில் தண்ணீர் வந்தது. நான் எழுந்தபோது அம்மா ஐந்தாவது குடத்தை இரண்டாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஜூன் 4, இரவு
சோழிங்கநல்லூருக்கு மெட்ரோவில் சென்ட்ரல் வரை போய், எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, திருவான்மியூரில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினால், எல்லாம் கூடி வந்தாலும் ஒரு வழிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்தப் பக்கமே குடி போகலாம் என்றால் தரகர் சொல்லும் வாடகை 18,000, முன்பணம் பத்து மாதம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதைச் சொன்னேன். சட்டத்திலேயே குடியிருந்துகொள்ளச் சொல்லிச் சிரித்தார். 1,80,000. இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன்.

ஜூன் 5
துறைமுகத்தில் கூலியைக் கையில் எண்ணி வாங்கிய நைனாவுக்கு, நிறுவனம் சொல்லும் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் வேறு என்பதை விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது 2,400 என் பங்காகப் போகும், நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் 2,400கூட அவர்கள் சொல்லும் பெரிய எண்ணுக்குள்ளேயே அடக்கம், பணிக்கொடையும் அப்படியே. 40,000 என்று எழுதினால் 34,000 சொச்சம்தான் வீடு வந்து சேரும்.
“அப்போ நம்ம காசையே எடுத்து நமக்குப் போடுறாங்களா?” என்றார் நைனா.

ஜூன் 6
45,000 என்று எழுதி அழித்தேன். அவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று 38,000 என்று எழுதினேன். பின்னால் நின்று பார்த்த அம்மா, “கேக்குறதுதான் கேக்குற, வூட்டுக்குள்ள குழா வர்ற எடத்துக்கு எவ்ளோ ஆவும்னு பாத்துக் கேளு” என்றார். புதிய வாடகை, முன்பணத்துக்கு வாங்கப்போகும் கடனின் தவணை, பழைய செலவுகள் எல்லாவற்றையும் கூட்டி, பிடித்தத்தையும் சேர்த்து 52,000 என்று எழுதி, மறுபடி படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 7
அதிகம் கேட்டுவிட்டேன்.

ஜூன் 9
பதில் இல்லை. பம்பில் இன்று நான்கு குடம்தான் வந்தது; இரண்டை நான் ஏற்றினேன்.