எழுத்து முடிந்த கலியாணமும் நன்மையும்

சைவக்காரரைக் கட்டின கத்தோலிக்கப் பெண்ணுக்கு நன்மை, அதாவது பூசையில் வாங்கும் நற்கருணை, இல்லை என்று எங்கட பக்கத்தில் இன்றைக்கும் பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அது சரியில்லை. சரியானது என்ன என்று தெரிந்துகொள்ள நான் ஒரு கட்டுக் கடதாசி சேர்க்க வேண்டியிருந்தது.

2007 இல் எங்களுக்குக் கலியாணம் எழுதினார்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் கேட்ட காலம். கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. வன்னியில் அப்போது எத்தனையோ பிள்ளைகளுக்கு அவசரம் அவசரமாக எழுத்து நடந்தது. பதிவாளர் வந்தார், கையெழுத்து வாங்கினார், போனார். பிறகு இடப்பெயர்வு, முகாம், வவுனியாவில் குடியிருப்பு. பூசைக்கு ஒழுங்காகப் போவேன். நன்மை நேரம் வாங்கிலேயே இருந்துவிடுவேன். மூத்தவளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் ஒரு தடையும் வரவில்லை. பெற்றோரில் ஒருவர் சம்மதித்து, பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை இருந்தால் அதற்குப் போதும். அவளின் முதல் நன்மைக்குத் தாயும் தகப்பனும் கூடவே வாங்குவது எங்கள் பங்கில் வழக்கம் என்பதால்தான் நான் பங்குக் குருவான சுவாமியிடம் போனேன்.

"உங்கட அவர் சைவமெண்டது இல்லைப் பிள்ளை பிரச்சினை. கலியாணம் திருச்சபைக்கு முன்னால நடக்கேல்லை, ஞானஸ்நானம் இல்லாதவரைக் கட்ட ஆயரிட்ட விதிவிலக்கும் எடுக்கேல்லை. அதைச் சரிப்படுத்தினால் நீங்கள் நன்மை வாங்கலாம், அவர் சைவமாகவே இருக்கலாம்" என்றார்.

இவ்வளவு காலமும் இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

முதலில் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். பழைய பிரதி சரிவராது, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். திருமணம் நடந்தால் அதை ஞானஸ்நானப் புத்தகத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே குறிப்பார்கள். புதுப் பிரதியைப் பார்த்தால் வேறு கலியாணம் நடந்ததா என்று தெரிந்துவிடும். ஆனால் நான் ஞானஸ்நானம் பெற்றது முல்லைத்தீவுக் கரையில். அந்தப் பங்கின் புத்தகம் போரோடு போய்விட்டது. இப்படி இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்: நம்பத்தகுந்த ஒரு சாட்சி போதும். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. என் ஞானத்தாய் உயிரோடு இருந்தா. வந்து, "இந்தக் கையாலதான் தூக்கிப் பிடிச்சனான்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தா.

வன்னி எங்களுக்கு ஒரே நிலம், ஆயரின் நிர்வாகப் பகுதியான மறைமாவட்டம் அப்படியில்லை. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் யாழ்ப்பாண மறைமாவட்டம். வவுனியா 1981 இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தில் வருகிறது. அதனால் கடிதம் அங்கேயும் இங்கேயும் போய்வந்தது. இரண்டு பேரும் முன்னர் வேறு எவரையும் கட்டவில்லை என்பதற்கும் சாட்சிகள் கேட்டார்கள். இவர் பக்கத்துக்கு மாமி வந்து சொன்னா.

இவருக்குப் பயம் வேறு. தன்னையும் மாற்றிவிடுவார்கள், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போவதை நிப்பாட்டச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். சுவாமி அவரிடம் ஒரு வாக்குறுதியும் வாங்கவில்லை. வாக்குக் கொடுக்க வேண்டியவள் நான்: என் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன். நான் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "இது தெரிஞ்சிருந்தால் நான் முந்தியே வந்திருப்பன் சுவாமி" என்றார்.

ஆயர் இல்லத்தில் இருந்து விதிவிலக்கு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதற்குப் பிறகு, இரண்டு சாட்சிகளோடு திருமணம். ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் பூசை இல்லாமல்தான் நடந்தது. எனவே அன்றைக்கு நன்மையும் இல்லை. மறுநாள் காலை இவர் வழக்கம்போல பிளேன்ரீ ஊற்றி வந்தார். நன்மை வாங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் குடித்தால் பிழையில்லை, ஆனால் கோயில் கிட்ட, பூசைக்கு மணி அடித்துவிட்டது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனேன். (தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுக்கலாம். நீரிழிவுக்காரர் பலர் இது தெரியாமல் குளிசையைப் பிந்திப் போடுகிறார்கள்.) நன்மை வாங்கினேன். மகளின் முதல் நன்மைக்கும் அவளோடு வாங்கினேன். இவர் சின்னவனோடு வாங்கில் இருந்தார்.

இப்போது கேள்வி என் தம்பி மனைவியிடம் போயிருக்கிறது. மச்சாள் புரட்டஸ்தாந்து சபையான தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவ. அவையின்ர திருவிருந்துக்கு மற்றச் சபையாரையும் விடுவார்கள். எங்கட பூசையில் தான் ஏன் வாங்கக்கூடாது என்று கேட்கிறா. அவவின் ஞானஸ்நானத்தை எங்கள் திருச்சபை ஏற்கிறது, திரும்பக் கொடுக்காது. அதனால் அவர்களின் கலியாணத்துக்கு விதிவிலக்குத் தேவைப்படவில்லை, ஆயரின் அனுமதியே போதுமாக இருந்தது. ஆனாலும் நன்மைக்கு, மரண ஆபத்து போன்ற நிலைமை தவிர, எங்கள் திருச்சபையோடு முழு உறவில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்வதென்றால் விசுவாச அறிக்கை செய்து, உறுதிப்பூசுதல் என்ற திருவருட்சாதனத்தைப் பெறவேண்டும்.

"என்ர சபையை விட்டிட்டு வரமாட்டன் மச்சாள்" என்கிறா. வரச்சொல்லி நானும் கேட்கவில்லை. தம்பி அங்கே போய் வாங்கலாமா என்று கேட்டதற்குச் சுவாமி கூடாது என்றார். அவன் இன்னும் அதைப் பற்றி அவரோடு வாதாடிக்கொண்டு திரிகிறான்.