ஸ்கோர் ஷீட்டில் ஏறாத ஆட்டம்

கூடைப்பந்தில் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட் சரியான கஞ்சன். யார் எத்தனை புள்ளி போட்டான், யாருக்கு எத்தனை ஃபவுல், யார் எப்போது டைம் அவுட் கேட்டார்கள், அவ்வளவுதான் அதில் ஏறும். நம் கல்லூரி ஆண்கள் அணி கோப்பை வாங்கிய அந்தப் பருவத்தைப் பற்றி இதுவரை மலர்களில் வந்த குறிப்புகளும் அந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதியவை போலத்தான் இருக்கின்றன. அதிகப் புள்ளி எடுத்தவர் இவர், இறுதி ஆட்டத்தில் இத்தனைக்கு இத்தனை, முடிந்தது. பருவம் முழுவதையும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் மீதியை நான் எழுதுகிறேன்.

என் ஜெர்சி எண் 15. அப்போதைய சர்வதேச விதிப்படி எண்கள் 4இல் தொடங்கி 15இல் முடியும். நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டினால் அது புள்ளிக் கணக்கோடு குழம்பக் கூடாதல்லவா? ஆக, நான் பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆள். ஆட்டம் கையை விட்டுப் போன பிறகோ, நன்றாகக் கைக்குள் வந்த பிறகோதான் என்னை இறக்குவார்கள். கோச் ஒருநாள் கோடு போட்ட நோட்டு ஒன்றை என் மடியில் போட்டார். “சும்மாதானே உட்கார்ந்திருக்கே, இதை எழுது.”

ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தது), பந்தைப் பறிகொடுத்தது, எதிராளியின் பாஸைத் தட்டிவிட்டது, உருண்டு போகும் பந்துக்காகத் தரையில் பாய்ந்தது என்று நான்கு கட்டங்கள். புள்ளிக்குக் கட்டமே இல்லை. மறுநாள் பயிற்சி தொடங்கும் முன் அதை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்.

முந்தைய வருடமும் எங்களிடம் நல்ல ஷூட்டர்கள் இருந்தார்கள். ஆனாலும் தோற்றோம். கோச்சின் கணக்கு எளிமையானது. எவ்வளவு நல்ல அணியாக இருந்தாலும் எறிவதில் ஏறக்குறைய பாதி உள்ளே போகாது. வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து 24 சொச்சம், உயரம் 3.05 மீட்டர். “எல்லாம் விழும்னு நினைக்கிறவன் வீட்டுக்குப் போகலாம். விழாத பந்து யாருக்குங்கிறதுதான் மேட்ச்.” யாராவது ஷூட்டிங் சரியில்லை என்று புலம்பினால் 1891இன் கதை வரும். ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக் கூடைகளை மாட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடவிட்ட முதல் ஆட்டம் 1-0 என்றுதான் முடிந்தது. “அதுல ஜெயிச்சவனும் ஜெயிச்சவன்தான்டா.” இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

பாக்ஸ் அவுட், அதாவது திரும்பி வரும் பந்தை எதிராளி நெருங்காதபடி முதுகால் மறித்து நிற்பது. அதற்கான பயிற்சி இப்படி நடக்கும். கோச் பந்தை வேண்டுமென்றே வளையத்தில் மோதவிடுவார். உள்ளே ஐந்து பேர், வெளியே ஐந்து பேர். உள்ளே இருப்பவன் பந்தைப் பார்க்கக் கூடாது. முதலில் தன் ஆளைத் தேடி, திரும்பி, இடுப்பைத் தாழ்த்தி, அவன் தொடை தன் முதுகில் அழுந்துகிறதா என்று உணர வேண்டும். கை விரிந்திருக்கலாம், ஆனால் பின்னால் போய்ப் பிடிக்கக் கூடாது, ஃபவுல். பந்தைப் பிடித்தாலும் திட்டு விழும். பந்து தரையில் விழும் வரை ஐந்து பேரும் அவரவர் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதுதான் பயிற்சி. கோர்னரிலிருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் போகும் என்பதையும் அங்கேதான் கற்றோம். அதனால் ‘எனக்குத் தூரம்’ என்று நிற்பவனுக்குத்தான் அதிக வேலை.

இதில் எப்போதும் முதலில் வந்தவன் அணியிலேயே குள்ளமான எங்கள் பாயின்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். அவன் ஒரு புள்ளிகூட எடுக்காத ஆட்டங்கள் உண்டு. அந்த நாட்களிலும் என் நோட்டில் அவன் வரிசை நிரம்பி வழியும்.

எங்கள் சிறந்த ஷூட்டருக்கு இந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. அணியில் பாதிப் புள்ளி அவனுடையது, ஆனால் வாசிக்கும்போது அவன் பெயருக்கு நேரே வெற்றிடம். எழுதியவன் நான் என்பதால் கோபமெல்லாம் என் மேல். “மச்சான், நீ ஆட வந்தியா, கணக்கெழுத வந்தியா?” சில நாள் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு ஆட்டம் முடிந்ததும், கோச்சிடம் போகும் முன் நோட்டைக் காட்டச் சொன்னான். ரீபவுண்டு கட்டத்தில் தன் கோடுகளை எண்ணிவிட்டு, ஒன்று குறைகிறது என்று சண்டைக்கு வந்தான். பருவம் திரும்பியது அந்தச் சண்டையில்தான் என்பது என் கருத்து. கப்டன் வேறு காரணம் சொல்வான், சொல்லட்டும்.

லீக் ஆட்டங்களை ஒவ்வொன்றாக விவரிக்கப் போவதில்லை. தொடக்கத்தில் தடுமாறினோம், பிறகு நிமிர்ந்தோம். இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அது 2000ஆம் ஆண்டு விதி மாற்றத்துக்கு முந்தைய காலம். பத்து நிமிடக் கால்பகுதிகள் கிடையாது, இருபது நிமிடமாக இரண்டு பாதிகள். பந்தை எறிய 24 அல்ல, 30 விநாடி. முப்பது விநாடியும் இடுப்பைத் தாழ்த்திக் காவல் நின்று பார்த்தால்தான் அந்த ஆறு விநாடியின் அருமை தெரியும்.

இறுதி ஆட்டம். ஒரு புள்ளி முன்னிலை எங்களுக்கு, பந்து அவர்களிடம். அவர்களின் சென்டர், வளையத்தடியில் ஆடுபவன், எங்கள் எல்லோரையும்விட உயரம். கோர்னரிலிருந்து எறிந்தார்கள். பெஞ்சில் இருந்த நாங்கள் பந்தைப் பார்த்தோம். களத்தில் இருந்த எங்கள் ஐந்து பேரும் பார்க்கவில்லை, திரும்பி ஆளைத் தேடினார்கள். வளையத்தின் விளிம்பில் பட்டு எதிர்ப்பக்கம் போன பந்து தரையில் விழுந்து எழும்பியது. அவர்களின் சென்டர் இரண்டு கையையும் நீட்டுகிறான், நகர முடியவில்லை. அவன் தொடைக்கு முன்னால் எங்கள் குள்ளன் குந்தியிருக்கிறான். பந்து இரண்டாவது முறை எழும்பும்போது மணி அடித்துவிட்டது. ஷூட்டர்தான் முதலில் குள்ளனிடம் ஓடினான், தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

ஸ்கோர் ஷீட்டில் அந்தக் கடைசி விநாடிகளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை, எழுத ஒன்றுமில்லை. கோச் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“கடைசி ரீபவுண்டு யாருக்குப் போட்டே?”

“அஞ்சு பேருக்கும் சார்.”

“யாரும் பிடிக்கலையேடா.”

“அதனாலதான் சார்.”

சிரித்துவிட்டார். அந்தப் பருவத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பையோடு எடுத்த குழுப் படம் அச்சாகும்போதெல்லாம் முன்வரிசையில் பந்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் பெயர் விடுபட்டுவிடுகிறது. அவன்தான் அந்தக் குள்ளன். பெயரையும் தலைப்பெழுத்தையும் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை படத்துக்குக் கீழே சேர்த்துவிடுங்கள்.