ஜவுளிக்கடையில் தொடங்குங்கள்: ‘கிப்ஸ்’ நாவலைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸின் ‘கிப்ஸ்’ (1905) நாவலை எம்.ஏ. தேர்வுக்கோ நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதி) தேர்வுக்கோ படிக்கிறீர்கள் என்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘திடீர்ப் பணம் நிம்மதியைக் கெடுக்கும்’ என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். நாவலின் முடிவே அதற்கு இடம் கொடுக்காது.

கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகர ஜவுளிக்கடையில் வேலை பழகும் ஆர்ட்டி கிப்ஸுக்கு, அவன் பார்த்தறியாத தாத்தா ஒரு வீட்டையும் 26,000 பவுண்டையும் எழுதி வைத்துவிட்டு இறக்கிறார். ஆண்டுக்கு 1,200 பவுண்டு வருமானம். படித்த குடும்பத்துப் பெண்ணான ஹெலனுடன் திருமணம் நிச்சயமாகிறது. பெரிய இடத்து நடையுடை பாவனைகளைச் சொல்லித்தர கூட் என்றொருவர் வந்து சேர்கிறார். ஆனால் கிப்ஸ் மணப்பது, வீட்டு வேலை செய்யும் சிறுவயதுத் தோழி ஆன் பார்னிக்கை. கிப்ஸின் பணத்தை நிர்வகித்த ஹெலனின் சகோதரன் அதில் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்டு ஓடிவிடுகிறான். மிஞ்சியதை வைத்து ஹைத் என்ற சிற்றூரில் புத்தகக்கடை நடத்துகிறார்கள். அப்புறம், நண்பன் சிட்டர்லோவின் நாடகத்தில் எப்போதோ போட்ட பணம் பெருகி வந்து, கிப்ஸ் மறுபடியும் பணக்காரனாகிறான். பணம்தான் கேடு என்றால் வெல்ஸ் அதை ஏன் திருப்பிக் கொடுத்தார்? இந்தக் கேள்வியோடு படித்தால் நாவல் திறந்துகொள்ளும்.

நாவல் மூன்று பாகம். நகைச்சுவை எல்லாம் இரண்டாம் பாகத்தில் இருப்பதால் அங்கேயே நின்றுவிடத் தோன்றும். நான் முதல் பாகத்துக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். உங்களையும் அதையே கேட்டுக்கொள்கிறேன். முதலாளி ஷால்ஃபோர்டின் கெடுபிடி, துணியை மடித்து மடித்து அடுக்கும் வேலை, கடைப் பையன்கள் கூட்டமாகத் தங்கும் அறை, ஏழு ஆண்டு ஒப்பந்தம் எல்லாம் அங்கேதான் வருகின்றன. மின்டன் என்ற மூத்த பையன், நாம் ஒரு சாக்கடைக் குழாய்க்குள் இருக்கிறோம், சாகும்வரை அதற்குள்ளேயே ஊர்ந்து போக வேண்டியதுதான் என்கிறான். அந்த இடத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்கும் பயன்படும்.

திருநெல்வேலிப் பக்கத்து மாணவர்களுக்கு இந்தப் பாகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. திசையன்விளை, நாங்குநேரி, சங்கரன்கோவில் பக்கங்களில் இருந்து சென்னை ஜவுளிக்கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை நாம் அறிவோம். என் பெரியம்மா மகன் அப்படிப் போனவன். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரவிட மாட்டார்கள் என்பான். கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். அவனிடம் கேட்டதையெல்லாம் மனத்தில் வைத்து முதல் பாகத்தை மறுபடி படித்தேன். சிரிப்புக்கு அடியில் வெல்ஸின் கோபம் தெரிந்தது.

அந்தக் கோபம் அவர் அனுபவித்தது. 1866இல் பிறந்த வெல்ஸ், பதினான்கு வயதளவில் சவுத்சீ நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பழகச் சேர்க்கப்பட்டார். பொறுக்க முடியாமல், தாய் வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்த அப்பார்க் மாளிகைக்கு நடந்தே போய் முறையிட்டார். 1883இல் கடையிலிருந்து மீண்டு, பள்ளியில் மாணவ ஆசிரியராகி, உதவித்தொகை பெற்று, 1884இல் லண்டனில் டி.எச்.ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். விடையில் ஆசிரியர் வரலாற்றைத் தனிப் பத்தியாகக் கொட்டாமல் இப்படி இணையுங்கள்: வெல்ஸைக் கடையிலிருந்து மீட்டது படிப்பு, கிப்ஸை மீட்டது உயில். படிப்பு கிடைக்காதவன் கையில் பணம் மட்டும் வந்தால் அவன் யாரிடம் போய் நிற்பான் என்பதைத்தான் இரண்டாம் பாகம் காட்டுகிறது.

லண்டன் அத்தியாயங்களை அந்தக் கண்ணோடு பாருங்கள். பை நிறையப் பணம் இருந்தும், எந்த உணவகத்தில் நுழைவது என்று அஞ்சிப் பசியோடு அலைகிறான் கிப்ஸ். பெரிய ஹோட்டலில் பணியாளர்களைக் கண்டே நடுங்குகிறான். பேச்சில் ஊர் வாடை தெரிந்துவிடுமோ என்ற பயமும் கூடவே வருகிறது. சென்னைக் கல்லூரியில் வாய் திறக்கத் தயங்கிய நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது புரியும்.

மூன்றாம் பாகத்தில் வெல்ஸ் கதையை நிறுத்திவிட்டு, இந்த எளிய உயிர்களின் மேல் கவிந்து கிடக்கும் ஒரு பூதத்தைப் பற்றி நேரடியாகப் பேசுகிறார். சமூகத்தின் மந்தபுத்திதான் அந்தப் பூதம். கதைசொல்லியின் குறுக்கீடு பற்றிக் கேட்டால் இதை எழுதுங்கள். எனக்கு நாவலிலேயே மிகவும் பிடித்த இடமும் இதுதான். கூட் வரும் அத்தியாயங்கள் சில இழுவை, வேகமாகக் கடக்கலாம்.

வெல்ஸ் 1946இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் நம் நாட்டில் பதிப்புரிமை தீர்ந்துவிடுவதால், மூலத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பொருத்துக வகைக் கேள்விகளுக்கு வெல்ஸின் மற்ற நாவல்களான ‘டோனோ-பங்கே’ (1909), ‘மிஸ்டர் பாலியின் வரலாறு’ (1910) இரண்டையும் ‘கிப்ஸ்’ உடன் சேர்த்து ஆண்டு வரிசையில் எழுதிப் பாருங்கள். பாலியும் துணிக்கடையில் வேலை பழகியவர் என்பதால் இந்த இரண்டு நாயகர்களும் எளிதில் குழம்பிவிடுவார்கள். தாத்தாவின் சொத்து கிடைப்பது கிப்ஸுக்கு.