காரைக்கால் பில்லும் 2265 பிழையும்

கும்பகோணத்தில் பம்ப், பைப் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் ஏற்றி எண் வாங்குவது) கட்டாயம் என்றானபோது நாங்களும் அதில் வந்தோம். கணக்கு மென்பொருளான டேலியிலிருந்து மற்ற பில்கள் எல்லாம் போர்ட்டலில் ஏறிக்கொண்டிருக்க, காரைக்கால் பார்ட்டியின் பில் மட்டும் 2265 என்ற பிழையோடு திரும்பி வந்துகொண்டே இருந்தது. லோடு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது.

சர்வர் பிரச்சினை என்றார்கள், நெட் ஸ்லோ என்றார்கள். ஜிஎஸ்டி எண்ணை எடுத்துவிட்டு சில்லறை பில்லாகப் போட்டு அனுப்பிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், வாங்குபவருக்கு இன்புட் கிரெடிட் (நம்மிடம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) போய்விடும்.

பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால் விஷயம் அதிலேயே இருந்தது: வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் உள்ள மாநிலக் குறியீடும், நாம் அனுப்பிய மாநிலக் குறியீடும் பொருந்தவில்லை. டேலியில் அந்தப் பார்ட்டியின் விவரம் இருக்கும் லெட்ஜரைத் திறந்தேன். ஜிஎஸ்டி எண் 34-இல் தொடங்குகிறது, அது புதுச்சேரி. கீழே மாநிலம் தமிழ்நாடு, அதாவது 33. பழைய மென்பொருளிலிருந்து எக்செல் வழியாக லெட்ஜர்களைக் கொண்டுவந்தபோது மாநிலத்துக்கான பத்தி முழுக்க தமிழ்நாடு என்று இழுத்துவிடப்பட்டிருக்கிறது.

சரி, லெட்ஜரில் புதுச்சேரி என்று மாற்றினேன். அப்புறமும் அதே பிழை! இந்த இடத்தில்தான் பலரும் மாட்டுவார்கள், ஏனென்றால் பில் போட்ட நேரத்தில் இருந்த பார்ட்டி விவரம் அந்த பில்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, லெட்ஜரைத் திருத்தினால் பழைய பில் தானாகத் திருந்தாது. பில்லைத் திறந்து, பார்ட்டி விவரத் திரையில் மாநிலத்தையும் பிளேஸ் ஆஃப் சப்ளையையும் (சரக்கு எந்த மாநிலத்துக்கு என்பது) மாற்றி, மாநிலத்துக்குள் விற்றால் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரிகளை எடுத்துவிட்டு, வேறு மாநிலத்துக்கு விற்றால் போடும் ஐஜிஎஸ்டி போட்டேன். கும்பகோணத்திலிருந்து காரைக்கால் பக்கம்தான், ஆனாலும் ஜிஎஸ்டியில் அது வேறு மாநில விற்பனை.

அடுத்து 3039 வந்தது, பின்கோடு அந்த மாநிலத்தைச் சேர்ந்தது இல்லை என்று. லெட்ஜரில் நாகப்பட்டினம் பின்கோடு கிடந்தது. 609602 என்று திருத்தியதும் போர்ட்டல் தரும் இ-இன்வாய்ஸ் எண்ணான ஐஆர்என் வந்துவிட்டது, வண்டியும் கிளம்பியது.

அன்று மாலையே எல்லா லெட்ஜர்களையும் எக்செலுக்கு எடுத்து, ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை லெஃப்ட் ஃபார்முலாவால் பிரித்து மாநிலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். புதுச்சேரி, பெங்களூரு பார்ட்டிகள் சிலரும் தமிழ்நாடு என்றே இருந்தார்கள். பின்கோட்டின் முதல் மூன்று எண்ணை வைத்து மாநிலத்தை முடிவு செய்யாதீர்கள். மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் 609, விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் 605, ஆந்திராவுக்கு நடுவே இருக்கும் புதுச்சேரியின் ஏனாமுக்கோ 533464. ஆறு இலக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பார்ட்டிகளுக்கு முன்பு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டு ரிட்டர்னும் தாக்கல் ஆன பில்களை ஆடிட்டரிடம் கொண்டுபோனோம். ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கு வட்டி கிடையாது, தவறாகக் கட்டியதைச் சிஜிஎஸ்டி சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி திரும்பக் கேட்கலாம், சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். அந்த பில்களை மாதவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.