வேலூர்–லண்டன்: தூரம் ஒன்று, நேரம் வேறு

வேலூரிலிருந்து லண்டனுக்கு விமானத் தூரம் எவ்வளவு என்று தேடினால் சுமார் 8,150 கி.மீ. என்று வரும். கணக்கு சரிதான், அந்தக் கோட்டில் பறக்கும் விமானம்தான் கிடையாது. வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்து ஓடுதளம் நீண்ட தூரம் பறக்கும் அகன்ற விமானத்துக்குக் காணாது. முதலில் கிழக்கே 130 கி.மீ. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் போய், அங்கிருந்து மேற்கே திரும்ப வேண்டும். சென்னையிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்குத் தூரம் சுமார் 8,230 கி.மீ.

இது பூமி உருண்டைமேல் நூல் பிடித்து அளந்த தூரம். பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்கேட்டர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் மஸ்கட், குவைத், துருக்கி பக்கமாகப் போகும். அது ஏறத்தாழ 250 கி.மீ. அதிகம். நூல் போகும் வழி கட்ச், பலூசிஸ்தான், காஸ்பியன் கடல், உக்ரைன். ஆனால் உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஆகவே சுற்றுவழிதான். இணையத் தளங்கள் காட்டும் தூரத்தில் இந்தச் சுற்று சேராது.

நேரத்துக்கு வருவோம். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஒன்பது மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டில் போகும்போது பதினொன்றை ஒட்டிப் போட்டிருப்பார்கள். டிக்கெட் நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்பது வரை. ஓடுதளத்துக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது, ஹீத்ரோ மேல் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். மீதிக்குக் காரணம் காற்று. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் வலுக்கும். சராசரியாக மணிக்கு 60 கி.மீ. காற்று என்றால் போகும்போது வேகம் 840, வரும்போது 960. இது ஒன்றே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் தரும்.

துபாய் வழியாகப் போனால் தூரம் எகிறும் என்று நினைக்கிறார்கள். சென்னை–துபாய் 2,930, துபாய்–லண்டன் 5,500. மொத்தத்தில் நேர்வழியைவிட 200 கி.மீ.தான் கூடுதல். நேரத்தைத் தின்பது துபாயில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பது.

இறங்கும் நேரம் எப்போதும் அந்த ஊர்க் கடிகாரப்படி. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் நாலரை. குளிர்காலத்தில் காலை 5.30க்குக் கிளம்பி 11 மணி நேரம் பறந்தால் அங்கே காலை 11. இதைப் பார்த்துவிட்டு 'அஞ்சரை மணி நேரத்துல போயிடலாம்' என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த 5.30 விமானத்துக்கு 2.30க்குள் நிலையத்தில் இருப்பது நல்லது. செக்-இன் கவுன்ட்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஐந்து நிமிடம் தாமதம் என்றாலும் பேச்சு எடுபடாது. காரில் போனால் இரவு 11க்கு வேலூரை விடுங்கள். சாயங்காலம் என்றால் ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகுள்ள நெரிசலுக்காகக் கூடவே ஒரு மணி நேரம் வையுங்கள். காட்பாடியிலிருந்து எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து மெட்ரோ நேரே விமான நிலையத்துக்கு. நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. அதனால் ரயிலில் போகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே காட்பாடியில் ஏறிவிட வேண்டும்.