கடைமடைக்காரர்கள்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வந்து இரண்டு வருடம் வரை, "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் சென்னை என்றுதான் சொல்லிவந்தேன். தலைஞாயிறு, வேதாரண்யத்துக்குப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் என்று விளக்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை. இப்போது தலைஞாயிறு என்றே சொல்கிறேன். கூராங்கில் கழித்த இரண்டு நாள்தான் காரணம்.

மார்ச்சில் இங்கே திங்கட்கிழமையும் சேர்ந்த மூன்று நாள் வார இறுதி விடுமுறை வரும். கூட வேலை பார்க்கும் பெண் தன் கயாக் (துடுப்புப் படகு) குழுவோடு என்னையும் அழைத்தாள். மொத்தம் பதினொரு பேர். கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது, எப்படித் திரும்ப ஏறுவது என்று முன்பே இரண்டு சனிக்கிழமை சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இருவர் உட்காரும் கயாக். முன்னால் நான், பின்னால், முர்ரே ஆற்றின் மேல்பக்கத்து ஊரான ரென்மார்க் பக்கம் நாற்பது வருடம் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர்.

கூராங், முர்ரே ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து கடலோரமாக நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் காயல். அதற்கும் தென்பெருங்கடலுக்கும் நடுவே யங்ஹஸ்பண்ட் தீபகற்பம் என்ற மணல்மேட்டு வரிசை மட்டும்தான். அந்த மண்ணின் மக்கள் ஙாரிண்ஜெரி இனத்தார். 'கூராங்' என்ற பெயரே அவர்கள் மொழியில் ஒடுங்கிய கழுத்து என்ற பொருளில் வந்தது. அவர்கள் பெயரைச் சொல்ல மற்றவர்கள் திணறியபோது எனக்கு அது சுலபமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த ங, ஒரு சொல்லுக்கு முதலெழுத்தாக என் வாயில் வந்தது அன்றுதான்.

ஹிண்ட்மார்ஷ் தீவின் கரையிலிருந்து காலையிலேயே புறப்பட்டோம். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். முகத்துவாரத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது, இழுப்பு கயாக்கைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொன்னார்கள். மணல்மேட்டுக் கரையில் இருக்கும் காட்ஃப்ரேஸ் லேண்டிங் போய்ச் சேர்ந்தபோது நீர் வற்றியிருந்தது. கரைக்கு முன்னால் அகலமாகச் சேறு. இறங்கிய இரண்டு பேர் முழங்கால் வரை புதைந்து, உள்ளே போன காலை நேராக மேலே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்காதீர்கள், குதிகாலை அழுத்தாதீர்கள், கட்டைவிரலைக் கீழே நீட்டிக் காலைப் பின்பக்கமாக உருவுங்கள் என்றேன். சிறு வயதில் முத்துப்பேட்டை அலையாத்திச் சேற்றில் என் மாமா சொல்லிக்கொடுத்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு, ஊரில் கற்ற ஒன்றை நான் மற்றவர்களுக்குச் சொல்லி அவர்கள் அதைக் கேட்டு நடந்தது அதுவே முதல் தடவை. கயாக்குகளைக் கரையேற்றிய பிறகும் எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் மணல்மேட்டைக் கடந்து கடற்கரைக்கு நடந்தோம். வழியில் வெள்ளையாகச் சிப்பிக் குவியல்கள். ஙாரிண்ஜெரி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்டவை, அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போகவேண்டும். அந்த மட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'குட்டி'. அலை திரும்பும் இடத்தில் நின்று குதிகாலை முறுக்கினால் ஈர மணலுக்குள்ளே தட்டுப்படும். 3.5 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை எடுக்கக்கூடாது. எடுத்தவற்றை மணல் கக்குவதற்குக் கடல்நீரில் ஊறப்போட்டோம். மறுநாள் கேஸ் அடுப்பில் மஞ்சளும் மிளகும் தேங்காய்ப்பாலும் சேர்த்து நான் சமைத்தேன். முதல் ராத்திரிக்கு என் புளியோதரை.

சாப்பிட்ட பிறகு பெரியவரிடம், காலையில் கூல்வாவில் பார்த்த தடுப்பணையைப் பற்றிக் கேட்டேன். கடல்நாய்கள் ஏறிப் படுத்திருந்த அந்த நீளமான சுவர் ஐந்தில் ஒன்றாம். உப்புநீர் ஆற்றுக்குள் ஏறாமலிருக்க 1940க்குள் கட்டி முடித்தவை. முர்ரே 2,500 கிலோமீட்டர் ஓடி வருகிறது. துணையாறுகளையும் சேர்த்தால் நான்கு மாநிலங்கள் அந்தத் தண்ணீரை எடுக்கின்றன, எடுத்தது போக மிச்சம்தான் இங்கே. 1981இல் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டது. அடுத்த பெரும் வறட்சியில் மறுபடி அடைபடாமலிருக்க 2002 முதல் 2010 வரை இயந்திரம் வைத்துத் தூர் வாரினார்கள். ஆற்றுநீர் வராவிட்டால் காயலின் தென்பாதி கடலைவிடப் பல மடங்கு கரித்துப்போகும். உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் தண்ணீர் சுண்டுவதைப் பார்த்தே வளர்ந்தேன்.

நான் மேட்டூரைச் சொன்னேன். அணை திறக்கும் ஜூன் 12ஐச் சொன்னேன். திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் என் அப்பா எத்தனை தடவை மதகடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார் என்பதையும் சொன்னேன். அப்படிப்பட்ட இடத்துக்கு உங்கள் மொழியில் பெயர் உண்டா என்று கேட்டார். கடைமடை என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தோட்டத்தில் தண்ணீரைத் திறந்துவிட்ட ஒரு நாளும் நான் இந்த இடத்தை நினைத்ததில்லை" என்றார். வறட்சி உச்சத்தில் இருந்த 2009இல் முதல் தடவையாக வந்திருக்கிறார். தடுப்பணைகளுக்கு உள்பக்கம் இருக்கும் அலெக்சாண்ட்ரினா ஏரி கடல்மட்டத்துக்கும் கீழே போய், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததாம். அதன் பிறகு வருடா வருடம் வருகிறார். காவிரியின் மேல்பக்கத்து விவசாயி ஒருவர் எங்கள் ஊர் வரப்பில் வந்து உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது எனக்கு. அப்படி ஒருவரை நான் ஊரில் பார்த்ததேயில்லை. இங்கே பார்த்தேன்.

காலையில் சேற்று விளிம்பில் கூட்டமாக உள்ளான்கள். கீழே வளைந்த அலகு, சில பறவைகளுக்கு மார்பு செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோடியக்கரையில் காலில் வளையம் மாட்டி விடுகிறார்களே, அதே இனம். அங்கே வருபவையும் இங்கே வருபவையும் ஆஸ்திரேலியக் கோடை முடிந்ததும் சைபீரியாவுக்குப் போகின்றன, வெவ்வேறு வழியில். பெரியவரிடம் இதைச் சொன்னபோது தொலைநோக்கியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது எதிர்காற்று. தோள் இரண்டும் விட்டுப்போயின. பின்தங்கியவர்களுக்காக முன்னால் போனவர்கள் இரண்டு இடத்தில் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். காயல், கூடாரம், மட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று விசாரித்தார்.

"அங்க ஆத்துத் தண்ணி கடலு வரைக்கும் வருதாம்மா?"

"வருதுப்பா. கொஞ்சமா வருது."