ஓடும்போதா, நின்ற பிறகா?

"சார், ரெண்டாவது ரவுண்டுல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"காலையில சாப்பிட்டியா?"

"இல்ல சார்."

"அதான். தண்ணி குடிச்சிட்டு உட்காரு."

பேச்சு அவ்வளவுதான். பதினோரு நாள் கழித்து, ஆட்டத்தின் நடுவே, யாரும் மோதாமல், பந்துகூட அருகில் இல்லாதபோது அந்தப் பையன் முகங்குப்புற விழுந்தான். வயது பதினாறு.

விழுந்ததும் கைகால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கொர்ரென்று இடைவெளி விட்டு மூச்சு இழுத்தான். மூச்சு இருக்கிறது என்று நம்பினேன். இதயம் நின்ற சில நிமிடங்களுக்கு இந்த இரண்டும் வரக்கூடும், அதை மூச்சாகக் கணக்கில் கொள்ளக்கூடாது என்று முதலுதவி வகுப்பில் படித்தவன்தான் நான். எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்து, "இது மூச்சு இல்ல, அமுக்குங்க" என்று கத்திய பிறகுதான் என் கை அசைந்தது. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி ஸ்கோர் மேசையடியில் இருந்தது. முதல் ஷாக்கிலேயே துடிப்பு திரும்பியது. நெஞ்சை அமுக்காமல் விட்டால், ஷாக் தள்ளிப்போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்பார்கள். நான் வீணாக்கியது ஒரு நிமிடமாவது இருக்கும்.

ஆனாலும் அந்த நிமிடம் என்னை இவ்வளவு வதைப்பதில்லை. "சாப்பிட்டியா" தான் வதைக்கிறது.

மருத்துவமனையில் இதய மருத்துவர் கேட்டார்: "முன்னாடி எப்பவாவது மயக்கம்னு சொன்னானா?" சொன்னான் என்றேன். "ஓடும்போதா, ஓடி நின்ன பிறகா?" கேட்கவில்லை என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, எழுதிக்கொண்டார். ஓடி முடித்து நின்றதும் தலை சுற்றுவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறச் சற்று நேரமாகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டினால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அவனுக்கு இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய், ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி. 2003இல் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் விழுந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கும் இதுவே இருந்தது.

"ரெண்டாவது ரவுண்டுல" என்று அவன் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறான். நான் கேட்காமலே பதில் அதற்குள் இருந்தது.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. வாரத்துக்கு நாலு பேராவது தலை சுற்றுகிறது என்பார்கள். எல்லோரையும் ஈசிஜிக்கு அனுப்ப முடியுமா? இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், அங்கே திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஈசிஜியில் சிக்காத கோளாறுகளும் உண்டு. அந்த நாட்டுக் கிளப்பிலேயே ஆடிய டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன்தானே 2021இல் யூரோ கோப்பை ஆட்டத்தில் இதயம் நின்று விழுந்தார்? இப்படி வாதாடிக்கொண்டே போவேன். பிறகு அந்த நாலு பேரில் எத்தனை பேர் "ஓடும்போது" என்றார்கள் என்று யோசிப்பேன். ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

பையன் நன்றாக இருக்கிறான். இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடம் மாறினால் தானாகவே ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவியை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள், போட்டிகளில் ஆட வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க இருந்ததாலதான் தம்பி" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பதினோரு நாள் கதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பையனும் சொன்னதாகத் தெரியவில்லை. மறந்துவிட்டானா, எனக்காக மறைக்கிறானா?

இப்போது மயக்கம் என்று யார் சொன்னாலும் அன்றே உட்கார வைத்துவிடுகிறேன். மருத்துவர் சீட்டு வரும்வரை ஆட்டமில்லை. அது சரிதான். ஆனால் சில மாதங்களாக யாருமே மயக்கம் என்று சொல்வதில்லை.

போன வாரம் ஒருவன் ஓட்டத்தின் நடுவே முழங்காலைப் பிடித்துக் குனிந்ததாக அவன் நண்பன் வந்து காதோடு சொன்னான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"கண்ணு இருட்டுச்சா?"

"லேசா சார்."

"ஓடும்போதா, நின்ன பிறகா?"

"நின்ன பிறகுதான் சார்," என்றான், நான் கேட்டு முடிப்பதற்குள்.